ஒரு கங்காணியின் வாயை அடைத்தால்

"மெலனோமாவுக்குக் கொடுக்கிற மாத்திரையே இன்னொரு தோல் புற்றுநோயைக் கிளப்புமாமே, மெய்தானா?" என்று ஹட்டன் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மெய்தான். வெமுராஃபெனிப் என்ற அந்த மாத்திரையை மட்டும் விழுங்கியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தோலில் செதில் செல் புற்றுக் கட்டிகள் புதிதாக முளைத்தன. 'அதிசய மாத்திரை' என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

வரலாறு சுருக்கமானது. 2002இல் பிராஃப் மரபணுவின் பிழை மெலனோமாவில் கண்டறியப்பட்டது. 2011இல் மாத்திரைக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. போதும்.

சுவை வேறிடத்தில். செல்லுக்குள் 'வளர்' என்ற உத்தரவு தோட்டத்து முறைப்படியே இறங்குகிறது: ராஸ் துரை, ராஃப் கங்காணி (பிராஃப் இவர்களில் ஒருவர்), மெக் கணக்கப்பிள்ளை. மெலனோமாவில் கங்காணிக்குப் பித்துப் பிடித்துவிடுகிறது. துரை சொல்லாமலே தனியாகக் கத்துகிறார். மாத்திரை அவர் வாயை அடைக்கிறது. கட்டி சுருங்குகிறது.

பக்கத்துத் தோல் செல்லில் கங்காணிகள் நல்லவர்கள், ஆனால் ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். பழைய வெயில் சேதத்தால் அங்கே துரை ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தால், ஒருவர் வாயை மாத்திரை அடைத்ததும் கைகோத்து நிற்கும் மற்றவர் இரட்டிப்பாகக் கத்துகிறார். முளைக்கிறது கட்டி.

தீர்வு கணக்கப்பிள்ளையிடம். கங்காணி எவ்வளவு கத்தினாலும் பேர் போட ஆளில்லாவிட்டால் யார் மலைக்கு ஏறுவார்? இதே வகை மாத்திரை இன்னொன்றுடன், மெக்கை அடக்கும் டிராமெட்டினிப்பைச் சேர்த்துக் கொடுத்தபோது இந்தக் கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. இரண்டாவது மருந்து சேரும்போது தோல் தொல்லை குறைவது அபூர்வம். பதிலுக்குக் காய்ச்சல் அடிக்கடி வரும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

முளைத்த கட்டியை வைத்தியர் வெட்டி எடுப்பார். மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. மாத்திரையால் உள்ளங்கால் தடித்து வலித்தால் யூரியா கிரீம். ஆம், தேயிலைக்குப் போடும் அதே யூரியாதான்; உர மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

நம்மவருக்கு மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வரும். அவ்வகையில் பிராஃப் பிழை குறைவு. ஆகவே முதலில் கட்டியின் மரபணுப் பரிசோதனை, பிறகே மாத்திரைப் பேச்சு.

வெமுராஃபெனிப் குடிப்பவரின் தோலைச் சுடுவது புற ஊதா 'ஏ' கதிர். அது மேகத்தையும் கண்ணாடியையும் ஊடுருவும். 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் மூடுபனியை நம்பிச் சட்டைக் கையை மடித்துவிடக் கூடாது. நானுஓயா ரயிலில் ஜன்னலோர இடத்தைப் பேரனுக்கு விட்டுக்கொடுத்துவிடலாம்.