பிரேக் போன பிரஸ்: புராஸ்டேட் கேன்சரில் ஹார்மோன் ஊசி ஏன் ஒரு கட்டத்துல கேக்காம போகுது?

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு புராஸ்டேட் கேன்சர். மூணு மாசத்துக்கு ஒருதடவை ஹார்மோன் ஊசி போடறாங்க. இது எப்பவுமே வேலை செய்யுமா?" இந்த எபிசோட் அதுக்குத்தான்.

சிப்காட் பக்கம் பிரஸ் ஷாப்ல நின்னவங்களுக்கு இது ஈஸியா புரியும். பவர் பிரஸ்ல ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் சேர்த்து அழுத்தினாதான் பிரேக் விடும், ராம் இறங்கும். ஒரு கையை எடுத்தா மெஷின் நின்னுடும்.

செல் ரெண்டாகப் பிரியறதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பட்டன், சி.டி.கே. 4, 6 என்ற என்சைம்கள். தனியா இதுங்களால எதுவும் ஆகாது. சைக்ளின் டி என்ற புரதம் வந்து சேரணும். அதுதான் ரெண்டாவது பட்டன். பிரேக்கோட பேர் ஆர்.பி. ஜோடி சேர்ந்ததும் அது ஆர்.பி. மேல பாஸ்பேட்டை ஒட்டும். பிரேக் விடும், செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க ஆரம்பிக்கும். செல் சுழற்சியை நடத்துற சைக்ளின், சி.டி.கே. குடும்பங்களை அடையாளம் காட்டின ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூணு பேருக்கும் 2001ல நோபல் கிடைச்சுது.

இதுல ஆண் ஹார்மோன் எங்க வருது? புராஸ்டேட் செல்லுல டெஸ்டோஸ்டிரோன் சிக்னல் வந்தா சைக்ளின் டி கூடும். ஊசி அந்த ஹார்மோனைக் குறைக்குது. அதாவது ஒரு கையை பட்டன்லேர்ந்து எடுக்குது. ஹார்மோனைக் குறைச்சா இந்த நோய் அடங்கும்னு சார்லஸ் ஹக்கின்ஸ் 1941லயே காட்டினார். 1966ல அவருக்கும் நோபல்.

ஆனா கேன்சர் சும்மா இருக்காது. சில செல்கள் ஹார்மோனைப் பிடிக்கிற ஏற்பிகளை நிறைய உண்டாக்கிக்கும். அப்போ துளி ஹார்மோனே போதும். இந்தக் கட்டத்துல அபிராடரோன், என்சலூட்டமைட் மாதிரி மாத்திரைகள் பலருக்கு உதவும்.

பெரிய சிக்கல், ஆர்.பி.யே காணாமப் போறது. ஆரம்பக் கட்டத்துல இது அரிது. ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத கட்டத்துல அதிகம். பிரேக்கே இல்லாத பிரஸ்ல பட்டன்லேர்ந்து கையை எடுத்து என்ன பிரயோஜனம்? சி.டி.கே.வைத் தடுக்கிற மருந்துக்கும் இதே கதிதான். பால்போசிக்ளிப் 2015ல அமெரிக்காவுல மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கிடுச்சு. அதே வகை அபிமாசிக்ளிப், புராஸ்டேட்ல நடந்த பெரிய சோதனையில எதிர்பார்த்த பலனைத் தரல.

இன்னொரு விஷயம் முக்கியம். ஆர்.பி.யும் பி53 என்ற காவல் புரதமும் சேர்ந்து போனா, சில செல்கள் குணமே மாறிடும். அப்போ பி.எஸ்.ஏ. அளவு குறைவா இருக்கும்போதே நோய் வளரலாம்.

அதனால ரிப்போர்ட்ல நம்பர் நல்லா இருக்குன்னு மட்டும் பார்த்து நிம்மதியா இருந்துடாதீங்க. புதுசா எலும்பு வலி, எடை குறையறது, கால் மரத்துப் போறதுன்னா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. நோய் ஊசிக்கு அடங்கலன்னா, "திரும்ப ஸ்கேன் வேணுமா? பயாப்சி, ஜீன் டெஸ்ட் உதவுமா?"ன்னு கேளுங்க. ஊசியை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.