எலும்புப் புற்றும் நுண்ணிய காவலாளிகளும்

ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவுக்கும், வளரும் பிள்ளைகளின் முழங்காலருகே தோன்றும் கொடிய நோய்க்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாக நேயர்கள் எண்ணலாம். ஆனால் இங்கே முடிச்சு மெய்யாகவே இருக்கிறது.

நம் சரீரத்தின் அநேகமாக ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் மூல ஏடு இருக்கிறது. அதிலுள்ள கட்டளைகளைப் பிரதி எடுத்துச் செல்லும் தூதர்கள் உண்டு. அத்தூதர்களின் ஓலைப்படியே புரோட்டீன்கள் உண்டாகின்றன. 1993-ம் வருஷம் விக்டர் ஆம்ப்ராஸ், காரி ருவ்குன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள், அச்சிறு புழுவை ஆராய்கையில் ஒரு புதுமையைக் கண்டார்கள். சுமார் 22 எழுத்துக்களே கொண்ட ஒரு துணுக்கு, தூதனைப் பற்றிக்கொண்டு அவன் வாயை அடைத்துவிடுகிறது! இத்தகைய துணுக்குகளுக்கே மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். மனித உடலிலும் அவை உண்டென்பது 2000-ல் தெளிவாயிற்று. 2024-ல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நோய்க்கு வருவோம். ஆஸ்டியோஸார்கோமா என்னும் எலும்புப் புற்று அபூர்வமானதே. எனினும் எலும்பு வேகமாக நீளும் வாலிபப் பருவத்தில்தான் அது மிகுதியாக வருகிறது. முழங்காலை அடுத்த எலும்புகளே அதற்கு முக்கிய இருப்பிடம். அங்கிருந்து இரத்தத்தின் வழியே சுவாசப்பைகளுக்குப் பரவுவதுதான் உயிருக்கு உலை வைக்கிறது.

இந்நோயில் காவலாளிகளின் ஒழுங்கு குலைந்திருப்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அணுக்கள் மட்டுமீறிப் பெருகாமல் தடுப்பது 34ஏ என்ற எண்ணுடைய துணுக்கு. அது இங்கே குறைந்துபோகிறது. 21 என்பதோ அளவுக்கு மிஞ்சி, பரவலைத் தடுக்கும் புரோட்டீனையே அடக்கிவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! 143 என்ற துணுக்கைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, புற்று சுவாசப்பைக்குப் பரவுவது குறைந்ததென்று 2011-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

அப்படியானால் குறைந்ததை ஊசி மூலம் நிரப்பிவிடலாமே என்று தோன்றும். 34ஏ துணுக்கைப் போலச் செய்த மருந்தொன்றைப் பலவகைப் புற்று நோயாளிகளுக்கு 2013 முதல் கொடுத்துச் சோதித்தார்கள். உடலின் தற்காப்புச் சக்தியே சீறி எழுந்து கடும் தீங்கு விளைத்ததால், 2016-ல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. எலிக்கு உதவியது மனிதனுக்கு உதவ இன்னும் வெகு தூரம் நடக்கவேண்டும்.

ஆயினும் மனந்தளர வேண்டியதில்லை. முன்னாளில் காலையே வெட்டி எடுத்தும் ஐவரில் ஒருவரே பிழைத்தனர். இப்பொழுது நோய் பரவுமுன் கண்டுபிடித்து, மருந்தும் ரண சிகிச்சையும் செய்தால், மூவரில் இருவர் வரை பிழைக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் காலும் தப்புகிறது. ஆகவே பெற்றோர் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வாரக்கணக்கில் தீராத எலும்பு நோவோ, உறக்கத்தைக் கெடுக்கும் இரவு வலியோ, வீக்கமோ கண்டால், எண்ணெய் தேய்த்து உருவி நாளைக் கடத்தலாகாது. உடனே வைத்தியரிடம் காட்டி எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்ப்பதே விவேகம்.