வரலாற்றுப் பாதுகாப்பு வட்டாரங்களில் வீடுகளின் வெளிப்புறச் சீரமைப்புப் பரிசீலனை (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவின் பல நகரங்களில், பழமையான வீடுகள் செறிந்த பகுதிகள் சட்டப்படி வரலாற்றுப் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. இவ்வட்டாரங்களில் உள்ள வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்ற விரும்பும் உரிமையாளர், நகர நிர்வாகம் அமைத்த குழுவிடம் முன் அனுமதி பெற வேண்டும். அவ்வாறு நடைபெறும் ஆய்வே வெளிப்புறச் சீரமைப்புப் பரிசீலனை ஆகும். பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்த வீடுகளைப் பொறுத்தவரை இது சிக்கலான பணியாகும். எதைப் பழுதுபார்க்கலாம், எதை மாற்றியே ஆக வேண்டும், அதற்கான செலவை யார் ஏற்பது ஆகிய மூன்று கேள்விகளும் அங்கு ஒன்றாக எழுகின்றன.

வரலாறு

தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்சுடன் நகரம் 1931-ஆம் ஆண்டு இத்தகைய சட்டத்தை நாட்டிலேயே முதன்முதலாக இயற்றியது. பழைய மாளிகைகள் இடிக்கப்பட்டு அவ்விடங்களில் பெட்ரோல் நிலையங்கள் எழுந்தது அச்சட்டத்திற்கு ஒரு முக்கியத் தூண்டுதலாக இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் வெளிப்புற மாற்றங்களை ஆராய அங்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆனால் கட்டடம் இடிக்கப்படுவதைத் தடுக்கும் அதிகாரம் தொடக்கத்தில் அக்குழுவுக்கு இல்லை. 1936-இல் லூசியானா மாநில அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே நியூ ஓர்லியன்ஸ் நகரின் பழைய பிரெஞ்சுப் பகுதிக்கும் இதுபோன்ற ஆணையம் கிடைத்தது.

1966-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1978-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் தொடருந்து நிலையம் தொடர்பான வழக்கில், உரிமையாளரின் பயன்பாட்டிற்கு நகரச் சட்டம் விதித்த கட்டுப்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குப் பின் உள்ளூர்ச் சட்டங்கள் உறுதியான நிலையைப் பெற்றன.

தேசியப் பதிவேடும் உள்ளூர்ச் சட்டமும்

இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் பலரிடம் உண்டு. ஒரு வீடு தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெறுவது ஒரு சிறப்பு மட்டுமே. அரசுப் பணமோ, நடுவண் அரசின் அனுமதியோ தொடர்பில்லாதபோது, தன் சொந்தப் பணத்தில் அவ்வீட்டை மாற்றும் உரிமையாளரை அப்பதிவு தடுக்காது. நகர மன்றம் இயற்றும் உள்ளூர்ச் சட்டமே கட்டுப்பாடு விதிக்கிறது. எனவே விதிகள் நகருக்கு நகர் வேறுபடும். சில இடங்களில் வண்ணப்பூச்சின் நிறத்திற்கும் அனுமதி தேவை; வேறு பல இடங்களில் நிறம் உரிமையாளரின் விருப்பம். வீட்டின் உட்பகுதியைப் பெரும்பாலான குழுக்கள் கேட்பதில்லை.

பரிசீலனை நடைபெறும் முறை

1. உரிமையாளர் ஒளிப்படங்கள், வரைபடங்கள், பயன்படுத்தவிருக்கும் பொருள்களின் விவரம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்கிறார்.
2. உடைந்த பலகையை அதே வகைப் பலகையால் மாற்றுவது போன்ற சாதாரணப் பராமரிப்புக்குப் பொதுவாக விலக்கு உண்டு. சிறு மாற்றங்களுக்கு நகர அலுவலரே ஒப்புதல் தரலாம்.
3. பெரிய மாற்றங்கள் குழுவின் பொதுக் கூட்டத்திற்கு வருகின்றன. அண்டை வீட்டார் அங்கு கருத்துச் சொல்லலாம்.
4. குழு ஒப்புதல் அளிக்கலாம், நிபந்தனையுடன் ஒப்புதல் அளிக்கலாம், அல்லது மறுக்கலாம். ஒப்புதல் கிடைத்தால் பொருத்தச் சான்றிதழ் வழங்கப்படும்.
5. மறுக்கப்பட்டவர் சட்டம் குறிப்பிடும் அமைப்பிடமோ நீதிமன்றத்திலோ மேல்முறையீடு செய்யலாம்.

தனிப்பட்ட உறுப்பினரின் அழகுணர்ச்சி தீர்ப்பாகிவிடக் கூடாது என்பதால், முடிவுக்கான காரணத்தை எழுத்துவடிவ அளவுகோல்களின்படி பதிவு செய்வது முக்கியமானது.

அளவுகோல்கள்

உள்நாட்டுத் துறைச் செயலரின் பெயரில் 1977-இல் முதலில் வெளியான சீரமைப்பு நெறிகளைப் பல நகரங்கள் அடிப்படையாகக் கொள்கின்றன. அவை மொத்தம் 10. சிதைந்த வீடுகளுக்கு மிகுதியாகப் பயன்படுபவை பின்வருமாறு:

- சிதைந்த உறுப்பைக் கூடியவரை பழுதுபார்க்க வேண்டும். மாற்றுவது தவிர்க்க முடியாததானால், புதியது வடிவம், நிறம், இழைநயம் ஆகியவற்றிலும், இயலுமிடத்துப் பொருளிலும் பழையதை ஒத்திருக்க வேண்டும்.
- காணாமற்போன உறுப்பைச் சான்றுகளின் அடிப்படையிலேயே மீண்டும் அமைக்க வேண்டும். ஊகத்தால் அலங்காரம் சேர்ப்பது பொய்யான வரலாற்றை உருவாக்கும்.
- மணல் பீச்சித் தூய்மை செய்தல் போன்ற, பழைய பொருளைச் சேதப்படுத்தும் முறைகளைப் பயன்படுத்தக் கூடாது.
- புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதோடு இயைந்தும், அதேவேளை புதியது என அடையாளம் காணக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

சிதைந்த வீட்டை ஆராய்தல்

எடுத்துக்காட்டாக, 1900-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட ஒரு மரவீட்டைக் கொள்வோம். கூரை ஒழுகுகிறது, முன்வராந்தாவின் 6 தூண்களில் 2 இல்லை, வெளிச்சுவர் முழுவதும் வினைல் தகடுகளால் மூடப்பட்டுள்ளது. வராந்தாவை அகற்றவும், எல்லாச் சன்னல்களையும் வினைல் சன்னல்களாக மாற்றவும் உரிமையாளர் அனுமதி கேட்கிறார்.

முதலில் கவனிக்க வேண்டியது நீர். கூரையும் மழைநீர் வடிகாலும் சரியாகாதவரை வேறு எதைச் செய்தாலும் வீணாகும். ஆகவே ஒழுகலை உடனே நிறுத்தவும், கதவு சன்னல்களைக் காற்றோட்டத்துடன் தற்காலிகமாக அடைக்கவும் விரைவாக அனுமதி தருவது நல்லது.

அடுத்து சான்றுகள். வினைல் தகட்டில் ஒரு பகுதியைக் கழற்றிப் பார்த்தால் அடியில் மூலப் பலகைகள் நல்ல நிலையில் இருக்கக்கூடும். அகற்றப்பட்ட அலங்காரங்களின் தடம் பழைய வண்ணப்பூச்சு அடுக்குகளில் பதிந்திருக்கும். தீக்காப்பீட்டுக்காக சான்பார்ன் நிறுவனம் தயாரித்த பழைய வரைபடங்கள், வராந்தா எவ்வளவு நீளம் இருந்தது என்பதைக் காட்டும். மேலும், நிற்கும் 4 தூண்களே காணாமற்போன 2 தூண்களுக்கு மாதிரியாகும். இத்தகைய நிலையில் வராந்தாவை அகற்ற அனுமதி கிடைப்பது அரிது. மீண்டும் அமைக்கவே குழு சொல்லும்.

சன்னல்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். கீழ்ச்சட்டம் மட்டும் உளுத்துப்போன சன்னலில் அந்தப் பகுதியை வெட்டிப் புது மரம் பொருத்தலாம். முழுவதும் அழிந்ததை அதே அளவில் மரத்தால் புதிதாகச் செய்யலாம். வீட்டின் பின்புறம், தெருவுக்குத் தெரியாத இடத்தில் பல குழுக்கள் விட்டுக்கொடுக்கின்றன.

செங்கல் வீடாயின் காரையில் கவனம் தேவை. பழைய மென்மையான செங்கற்களுக்கு இடையே இருந்தது சுண்ணாம்புக் காரை. அங்கு கடினமான போர்ட்லாந்து சிமெண்டைப் பூசினால், ஈரம் இணைப்புகள் வழியே வெளியேற வழியின்றிச் செங்கல்லுக்குள் தங்கி, அதன் முகப்பு உரிந்து விழும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே சுவரைக் கெடுக்கும் இடம் இது. வீட்டு உபயோகத்திற்கான ஈயப் பூச்சு 1978-இல் தடை செய்யப்பட்டதால், அதற்கு முந்தைய வீடுகளில் பழைய பூச்சைச் சுரண்டும்போது ஈயத் தூசி பரவாமல் காப்பதும் அவசியம்.

புறக்கணிப்பால் அழித்தல்

இடிக்க அனுமதி கிடைக்காத சிலர், வீட்டை மழைக்கும் கறையானுக்கும் விட்டுவிட்டு, பிறகு "இனிச் சரிசெய்ய முடியாது" என்று வாதிடுவதுண்டு. இதைத் தடுக்கப் பல நகரங்கள் குறைந்தபட்சப் பராமரிப்பைக் கட்டாயமாக்கியுள்ளன. நியூ ஓர்லியன்சில் அத்தகைய பராமரிப்புக் கடமை, பாதுகாப்பு நோக்கத்திற்கு ஏற்ற நியாயமான விதியே என்று 1975-இல் மேகர் வழக்கில் நடுவண் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆயினும் அபராதம் மட்டும் கூரையைச் சரிசெய்யாது. உரிமையாளர் இறந்து வாரிசுகள் பலராக இருப்பின், யாரிடம் பொறுப்புக் கேட்பது என்பதே தெளிவற்றுப்போகும்.

செலவும் குடியிருப்போரும்

புறக்கணிப்பு எப்போதும் உள்நோக்கம் கொண்டதன்று. முதுமை, வேலையிழப்பு, வங்கிகள் கடன் தர மறுத்தது ஆகியவையும் காரணங்களாகும். 1930-களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை எனக் குறித்த வரைபடங்கள் வரையப்பட்டன. அப்பகுதிகளுக்கு வீட்டுக்கடன் எளிதில் கிடைக்கவில்லை. எனவே "ஏன் பராமரிக்கவில்லை" என்ற கேள்விக்கு உரிமையாளர் மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர் அல்லர்.

பொருளாதார இடர்ப்பாட்டை நிரூபிப்பவருக்கு விலக்களிக்கும் விதி பல சட்டங்களில் உள்ளது. சீரமைப்புச் செலவில் 20 விழுக்காடு நடுவண் வரிக்கழிவாகக் கிடைக்கும். ஆனால் அது வாடகை போன்ற வருமானம் தரும் கட்டடங்களுக்கே பொருந்தும். சொந்த வீட்டில் வாழ்பவர் மாநில அல்லது உள்ளூர் உதவியையே நாட வேண்டும்.

சவானா நகரில் 1955-இல் தொடங்கப்பட்ட பாதுகாப்பு அறக்கட்டளை, சிதைந்த வீடுகளை வாங்கி, பாதுகாப்பு நிபந்தனையுடன் விற்று, அப்பணத்தால் அடுத்த வீடுகளை வாங்கியது. வீடுகள் பிழைத்தன, ஆனால் இடத்தின் விலை உயர்ந்தது. அதே நகரின் விக்டோரியக் காலப் பகுதியில் குறைந்த வருமானமுள்ள குடியிருப்போரை வெளியேற்றாமல் வீடுகளைச் சீரமைக்க, 1974-இல் லியோபோல்ட் ஆட்லர் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கினார்.

மதிப்பீடு

பரிசீலனை முறை தாமதத்தையும் செலவையும் கூட்டுகிறது என்பது இதன்மீதான முதன்மையான குறை. முன்வராந்தாக்களும் பழைய சன்னல்களும் ஒவ்வொன்றாக அகன்றால், வட்டாரம் அறிவிக்கப்பட்ட காரணமே இல்லாமற்போகும் என்பது ஆதரவாளர் வாதம். விதியோடு தொழில்நுட்ப ஆலோசனையும் சிறு நிதியுதவியும் சேரும்போது, மறுப்புக் கடிதத்தை விட ஒழுகாத கூரை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அவ்வாறு நடந்தால் வீட்டோடு அதில் வாழ்பவரும் அங்கேயே நிலைக்கலாம்.