கீழக்கரை என்று எழுத்துருவுக்குப் பெயர் வைத்தால்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவோரை முதலில் இடறவைப்பது கீழக்கரை. ழகரத்துக்கு ஆங்கில நெடுங்கணக்கில் எழுத்து இல்லாததால் ஒருவர் ‘எல்’ போடுகிறார், இன்னொருவர் ‘இசட்’டும் ‘எச்’சும் சேர்க்கிறார். முதல் நெடிலுக்கு ஒருவர் ஒரு ‘ஐ’, மற்றவர் இரண்டு ‘ஈ’. அறிஞர்கள் இதற்கு வழிகண்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், ‘எல்’லுக்கு அடியில் கோடிட்டு ழகரத்தையும், புள்ளியிட்டு ளகரத்தையும், உயிரெழுத்தின் தலையில் கோடிட்டு நெடிலையும் காட்டியது. 2001இல் வந்த ஐஎஸ்ஓ 15919 தரமும் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் அதே குறிகளையே வைத்துக்கொண்டது. ஆய்வு நூல்களிலும் கல்வெட்டுப் பதிப்புகளிலும் பழகிப்போன இந்தக் குறியிட்ட எழுத்துகளில், ஒரு புதிய எழுத்துருவுக்கு, அச்சகத்தார் பேச்சில் சொன்னால் ஒரு ஃபான்ட்டுக்கு, கீழக்கரை என்று பெயர் வைத்தால் கணினி ஏற்குமா? ஓரிடத்தில் ஏற்கும், ஓரிடத்தில் ஏற்காது. ஏற்காத இடத்தோடு மல்லுக்கட்டாமல், ஏற்கும் இடத்தை நிரப்பினாலே போதும் என்பது என் கருத்து. தமிழ் எழுத்துரு செய்வோர் அதில் போதிய அக்கறை காட்டவில்லை.

எழுத்துருக் கோப்பு ஒன்றுக்கு ஒரே பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இன்று பரவலாக உள்ள ஓப்பன்டைப் கோப்புக்குள் ஒரு பெயர் அட்டவணையே இருக்கிறது. குடும்பப் பெயர், தடிப்பு, சாய்வு போன்ற வகைப் பெயர், முழுப்பெயர் எல்லாம் அதில் தனித்தனி வரிசைகள். அவற்றோடு போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர் என்று ஒன்றும் உண்டு. அச்சு இயந்திரமும் பிடிஎஃப் கோப்பும் எழுத்துருவை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். இதில் வெற்று ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறெதற்கும் இடமில்லை. இடைவெளியும் அடைப்புக்குறியும் கூடாது, நீளம் 63 குறிகளைத் தாண்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் இருக்கிறது. குறியிட்ட எழுத்துகளுக்குப் பழைய கணினிகள் ஆளுக்கொரு எண் வைத்திருந்தன. தலையில் சாய்கோடிட்ட ‘ஈ’ விண்டோஸில் 233, பழைய மேக்கில் 142. ஒன்றில் வைத்த பெயரை மற்றொன்றில் திறந்தால் நடுவில் வேறோர் எழுத்து வந்து நிற்கும், மென்பொருள் அப்படியோர் எழுத்துரு இல்லை என்று கைவிரிக்கும்.

இந்தத் தொல்லையைத் தமிழர்களைப் போல அனுபவித்தவர்கள் குறைவு. யூனிகோடு பரவுவதற்கு முன் நம் எழுத்துருக்கள் தமிழுக்கென்று தனி இடம் இல்லாமல் பிறர் வீட்டில் குடியிருந்தன. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தது. டிஸ்கி குறிமுறையும், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அறிவிக்கப்பட்ட ‘டாப்’ முறையும் 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை அமர்த்தின. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் குறியிட்ட எழுத்துகள் இருந்த இடம் அது. அதனால்தான் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கடிதத்தைத் திறந்தால் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அதிலும் 160, 173 ஆகிய இரண்டு இடங்கள் பொல்லாதவை. முன்னதை மென்பொருள்கள் இடைவெளி என்றும், பின்னதைச் சொல்லை உடைக்கும் கோடு என்றும் எடுத்துக்கொண்டதால் அங்கே வைத்த எழுத்து மறைந்துபோகும். தமிழ் ஊர்ப்பெயரையும் அதன் குறியிட்ட ஆங்கில வடிவத்தையும் அத்தகைய ஒரே எழுத்துருவில் அடுத்தடுத்து அச்சிட வழியே இருக்கவில்லை. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றபின் உள்ளடக்கத்தின் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. பெயரின் சிக்கலை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம்.

பெயர் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் மொழிக்கு ஒன்றாகப் பெயர் எழுதலாம். இந்தியத் தமிழுக்கு 1097, இலங்கைத் தமிழுக்கு 2121 என்று எண்களே ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே ‘கீழக்கரை’ என்று தமிழிலேயே எழுதிவிட்டு, போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரை வெற்று ஆங்கில எழுத்தில் வைத்தால் இயந்திரத்துக்கும் குறையில்லை, மனிதருக்கும் குறையில்லை. ‘.இந்தியா’, ‘.இலங்கை’ என்று முடியும் இணைய முகவரிகள் இப்படித்தான் ஓடுகின்றன. நம் கண்ணுக்குத் தமிழ், உள்ளே கணினிக்கு வெற்று ஆங்கிலக் குறி. ஆனால் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் லதா, விஜயா, நிர்மலா எல்லாம் ஆங்கில எழுத்திலேயே நிற்கின்றன. இந்தக் கரையின் கட்டுமரம் பெயர்தந்த ‘கட்டமரான்’ எழுத்துருவையும் ஆங்கில எழுத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலப் பெயர் போதாதா, எழுத்துருவின் பெயரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் 2020 ஜூனை நினைத்துப் பார்க்கலாம். தமிழ் ஒலிப்புக்கு ஒத்துவரும்படி 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய அரசாணையை அரசு அந்த மாதமே திரும்பப் பெற்றது. வேலூரின் நெடிலைக் காட்ட ‘ஈ’யை இரட்டித்தார்கள், ஆங்கிலப் பழக்கத்தில் படிப்பவருக்கு அது வீலூர் ஆயிற்று. குறியில்லாத 26 எழுத்துகளுக்குள் தமிழ் ஒலியை அடைக்கப் பார்த்தால் எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் விளைவு இதுதான். அந்நிய எழுத்தில் தமிழை எழுதக் குறி சேர்த்தே ஆக வேண்டும் என்பது கீழக்கரைக்குப் புதிதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் நூல் எழுதிய அரபுத் தமிழில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிக்கொண்டார்கள். அரபி மொழிக்கு மட்டும் என்று செய்த எழுத்துருவில் அந்த எழுத்துகள் கிடைக்காது என்பதால், அந்த நூல்களை மறுபதிப்புச் செய்பவர் இன்றும் எழுத்துருவைத் தேடிப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. இரண்டு பெயர் இருந்தால் ஆவணம் எதைக் குறித்துவைக்கும்? ஜப்பானியர் இந்தச் சிக்கலைப் பார்த்தவர்கள். எம்எஸ் மின்சோ எழுத்துருவுக்கு ஜப்பானிய எழுத்தில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒரு பெயர். முன்னதைக் குறித்த ஆவணத்தை, ஆங்கிலப் பெயரை மட்டும் அறிந்த மென்பொருளில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், பக்க அமைப்பே குலையும். அதற்காக அவர்கள் தங்கள் மொழிப் பெயரைக் கைவிடவில்லை. இணையப் பக்கங்களுக்கான சிஎஸ்எஸ் தரம், கணினி எந்த மொழியில் இயங்கினாலும் கோப்பிலுள்ள எந்த மொழிப் பெயரோடும் உலாவி பொருத்திப் பார்க்க வேண்டும் என்று விதித்துவிட்டது. அலுவலக மென்பொருள்களும் அதைப் பின்பற்றும்படி கேட்பதே முறை.

நீளமும் கவனிக்க வேண்டியது. விண்டோஸில் பழைய முறையில் இயங்கும் செயலிகள் குடும்பப் பெயரில் 31 குறிகளுக்கு மேல் ஏற்பதில்லை. ‘இராமநாதபுரம்’ நமக்கு எட்டு எழுத்து. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு 12. ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் என்பதால், பைட்டை எண்ணி வெட்டும் மென்பொருளில் 36 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். இதைவிட நுட்பமான இடம் தொண்டியும் தனுஷ்கோடியும். ‘தொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம், ‘கோ’வும் அப்படியே. திரையில் வேறுபாடு துளியும் தெரியாது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு சொன்னாலும், எழுத்துருப் பெயர்களை ஒப்பிடும்போது உலாவி அப்படிச் சமப்படுத்துவதில்லை என்பதே சிஎஸ்எஸ் விதி. ஆகவே தொண்டி என்று பெயர் வைப்பவர் ஒரே குறியாக உள்ள வடிவத்தையே கோப்பில் எழுத வேண்டும், பெயரைத் தட்டச்சு செய்து பயன்படுத்துவோருக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். பிறகு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவி, ஒரு பிடிஎஃப் எடுத்து, அதன் எழுத்துருப் பட்டியலில் வெற்று ஆங்கிலப் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே வெளியிட வேண்டும்.