தபால் தலையில் ஒரு பால்மரம்

மாலை நாலு மணிக்கு எங்கள் தோட்டத்து ஆபீஸ் பையன் சைக்கிளில் தபால் பையோடு வந்து சேருவான். சின்னக் கிராணி ஆபீஸ் படியில் நின்றுகொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் வந்தவர் முகம் மலரும். வராதவர் முகம் தொங்கிப்போகும். நானும் அந்தக் கூட்டத்தில் நிற்பேன். எனக்குக் கடிதம் எழுத உலகத்தில் ஒருவருமே கிடையாது. ஆனாலும் மற்றவர்களைவிட நான்தான் ஆவலோடு நிற்பேன். என் கண்ணெல்லாம் கடித உறையின் வலது பக்க மூலையில் அல்லவா இருந்தது!

1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி அது. எங்கள் லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். ஊரிலிருந்து கடிதம் வந்தால் ஆறாம் வகுப்பில் இருந்த என்னிடந்தான் கொண்டு வருவார்கள். "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா" என்று அடுத்த வீட்டு ஆத்தா வாசற்படியில் உட்காருவார். மாடு கன்று போட்டது, மழை பொய்த்தது, யாருக்கோ பெண் பார்த்தது என்று ஒன்று விடாமல் படிப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி படி" என்பார். அதற்கும் சரி என்பேன். படித்த கூலி அந்த ஸ்டாம்பு!

அப்படிச் சேர்ந்ததுதான் என் முதல் ஆல்பம். ஆல்பம் என்றா சொன்னேன்? பள்ளிக்கூடக் கணக்கு நோட்டுதான் அது. ஒட்டுவதற்குப் பசை? தோட்டத்துப் பிள்ளைக்குப் பசைக்கா பஞ்சம்! அம்மாவின் வாளியில் ஒட்டியிருந்த ரப்பர் பாலைத் தொட்டு ஒட்டினேன். இரண்டே வருடத்தில் எல்லாம் பழுப்பேறி, தாளோடு தாளாய்ப் பிடித்துக்கொண்டன. பாரதியார் படம் போட்ட 1960ஆம் ஆண்டு இந்தியத் தலை ஒன்று அதில் இருந்தது. அதே ஆண்டில் வந்த திருவள்ளுவரும் இருந்தார். இருவரையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தபால் தலைக்கு வயது அதிகமில்லை. 1840 மே மாதம் 6ஆம் நாள் இங்கிலாந்தில் விக்டோரியா ராணியின் முகம் போட்ட ஒரு பென்னிக் கறுப்புத் தலை புழக்கத்துக்கு வந்தது. அதுவே உலகின் முதல் தபால் தலை. முதலில் வெளியிட்ட பெருமையாலோ என்னவோ, பிரிட்டிஷ் தலைகளில் நாட்டின் பெயர் இன்றுவரை கிடையாது. அரச முகமே போதும்! மற்ற நாடுகள் பெயர் போட்டாலும் நமக்குப் புரிகிற பெயராகவா போடுகின்றன? 'ஹெல்வெத்தியா' என்றால் சுவிட்சர்லாந்து, 'சுவோமி' என்றால் பின்லாந்து, 'மாக்யார்' என்றால் ஹங்கேரி என்று கண்டுபிடிப்பதற்குள் பூகோளப் பாடம் பாதி முடிந்துவிடும். அடிவாங்காமல் படித்த பூகோளம் எனக்கு அது ஒன்றுதான்.

நம் நாட்டுத் தலைகளின் கதை இன்னும் சுவையானது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 வரை இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்தன. ஆகவே 1854 முதல் இங்கே ஒட்டப்பட்டவை இந்தியத் தலைகளே! அவற்றின்மேல் குத்திய முத்திரையில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் எந்த ஊர் என்று சொல்வார்கள்: 109 என்றால் மலாக்கா, 147 பினாங்கு, 172 சிங்கப்பூர். 1867 செப்டம்பர் முதல் தேதி தனி ஆட்சித் தலை வந்தபோதுகூட, அதே இந்தியத் தலைமேல் ஒரு கிரீடத்தையும் காசு மதிப்பையும் அச்சிட்டு விற்றார்கள். பாயும் புலி படம் போட்ட சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங், பேராக் தலைகள் எல்லாம் 1890களின் தொடக்கத்தில்தான் வந்தன.

தேடத் தேட எனக்கு ஓர் ஆசை வந்தது. அரசர்களும் ராணிகளும் புலிகளும் இடம்பிடித்த அந்தச் சின்னத் தாளில், விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போகும் என் அம்மாவைப் போன்றவர்களுக்கு இடம் உண்டா?

உண்டு! 1935இல் இலங்கை வெளியிட்ட 2 காசுத் தலையில் ஒருவர் ரப்பர் மரம் சீவுகிறார். அதே வரிசையில் தேயிலை கொய்யும் படமும் வந்தது. நம்மைப் போலவே கங்காணியின் பின்னால் தமிழ்நாட்டிலிருந்து போன மக்களின் தொழில் அது. 1965இல் இந்தியா போட்ட 15 பைசாத் தலையிலும் தேயிலை கொய்கிறார்கள். நம் கூட்டரசு 1960இல் கோலாலம்பூரில் நடந்த ரப்பர் ஆராய்ச்சி மாநாட்டுக்காக 6 காசு, 30 காசு என்று இரண்டு தலைகள் போட்டது. படம் ரப்பர் நாற்று. பிறகு 1986இல் மலேசியா வெளியிட்ட விளைபொருள் வரிசையில் காப்பி, தேங்காய், கொக்கோ, மிளகு, நெல் ஆகியவற்றோடு 15 காசில் ரப்பரும் 20 காசில் செம்பனையும் இடம்பெற்றன. பதின்மூன்று மாநிலங்களுக்கும் கூட்டரசுப் பிரதேசத்துக்கும் தனித்தனியாக ஏழேழு தலைகள். மொத்தம் 98! படம் ஒன்றேதான், மாநிலப் பெயரும் அடையாளமும் மாறும். முழுவதும் சேர்க்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

ஆனால் இந்த வரிசையில் என்னை உறங்கவிடாத தலை வேறொன்று. ஜப்பானியர் 1942இல் மலாயாவைப் பிடித்ததும் கையில் கிடைத்த பழைய தலைகளின்மேல் முத்திரை குத்தி விற்றார்கள். பிறகு 'டாய் நிப்போன் 2602 மலாயா' என்று அச்சிட்டார்கள். 2602 என்பது அவர்கள் கணக்கில் 1942. அடுத்த ஆண்டு தங்கள் சொந்தத் தலைகளையே வெளியிட்டார்கள். அவற்றில் 1 காசிலும் 3 காசிலும் என்ன படம் தெரியுமா? மரம் சீவும் தொழிலாளி! அதே 1943இல்தான் பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம் ரயில் பாதையில் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் படம் போட்டார்கள். ஆளைக் காட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்தில் 'சயாமுக்குப் போனவர்' என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். அந்த 1 காசுத் தலையை ஒரு வியாபாரியிடம் வாங்கி வந்து, போய்த் திரும்பிய பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கத்தி பிடிச்சிருக்கிற விதம் சரியில்லே" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

படத் தபாலட்டைகளும் இப்படித்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்த புகைப்பட நிலையங்கள் மலாயாக் காட்சிகளை அட்டையாக அச்சிட்டன. வெள்ளைக்காரர்கள் வாங்கித் தங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூக்குத்தி போட்ட பெண், மரம் சீவும் ஆண் என்று நம் மக்கள் அவற்றில் நிற்கிறார்கள். கீழே 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பெயர் இருக்காது. நம் கொள்ளுப்பாட்டி யாராவது அந்த அட்டையில் ஏறி லண்டன் போய்வந்திருக்கலாம், யார் கண்டது! இன்று அவை நல்ல விலைக்குப் போகின்றன.

விலை என்றதும், "இதை வைத்துப் பணக்காரர் ஆகலாமா?" என்று கேட்கத் தோன்றும். ஆகமாட்டீர்கள். நான் சேர்த்த தலைகளில் பெரும்பாலானவை சில காசுதான் பெறும். ஆனால் ஒரு கதை சொல்கிறேன். நம்மவர்களும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன பிரிட்டிஷ் கயானாவில், 1873இல் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் வீட்டில் கிடந்த பழைய கடிதங்களைக் கிளறி, 1856ஆம் ஆண்டின் ஒரு காசு ஊதாச் சிவப்புத் தலையைக் கண்டெடுத்தான். மூலைகள் வெட்டுப்பட்டுக் கிடந்ததால் ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அதைப்போல் இன்னொன்று உலகில் இல்லை. 2014இல் அது ஏறக்குறைய 95 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. பாவம் அந்தப் பையன்!

பிள்ளைகள் சேர்க்கத் தொடங்கினால் தாய்மார்கள் தடுக்காதீர்கள்; செலவு சொற்பம். இப்போது கடிதம் குறைந்துவிட்டதே என்றால், வெளிநாட்டில் வேலை செய்யும் அண்ணனை மாதம் ஒரு படத் தபாலட்டை போடச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் தினமும் பேசினாலும் அட்டை வந்தால் தனிச் சந்தோஷம்தான். உறையிலிருந்து தலையைப் பிய்க்கக் கூடாது, பல் போய்விடும். சுற்றிலும் தாளோடு வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் மிதக்கவிடுங்கள். கழுவிய பழைய பால் மங்கில்தான் நான் போடுவேன். கால் மணி நேரத்தில் தானாகக் கழன்று வரும். வெள்ளைத் தாளில் முகம் கீழாகக் காயவைத்து, கனமான புத்தகத்துக்குள் ஒரு ராத்திரி வையுங்கள். சிவப்பு, பச்சை உறைகளைத் தனியாக நனைக்க வேண்டும், சாயம் இறங்கும். இக்காலத்துத் தானே ஒட்டும் தலைகள் பல தண்ணீருக்கு மசிவதில்லை. அவற்றைத் தாளோடு வெட்டியே வைத்துக்கொள்ளுங்கள். விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். ரப்பர் பால் வேண்டவே வேண்டாம்!

பழைய உறையாக இருந்தால் மட்டும் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தாத்தா இறந்தபின் அவருடைய பிஸ்கட் தகரத்தில் ஊர்க் கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. அவருடைய தம்பி எழுதியவை. ஒரு தீபாவளி விடுமுறையில் அவ்வளவு உறையையும் நனைத்துத் தலைகளை எடுத்துக்கொண்டு, உறைகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். தகரம் சுத்தமானது என்று பாட்டிகூட மெச்சிக்கொண்டார். பல வருடம் கழித்து அப்பா வேலையிலிருந்து ஓய்வுபெற்று, சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், தன் தகப்பன் பிறந்த மண்ணை ஒரு முறை மிதிக்க வேண்டும் என்றார். அப்பா இங்கே பிறந்தவர். பாட்டியும் அப்போது இல்லை. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் திருச்சிப் பக்கம், புதுப்பட்டி. அந்தப் பக்கம் எத்தனை புதுப்பட்டிகள்! கடிதங்களை விரித்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் 'நம்ம ஊர்', 'நம்ம ஊர்' என்றுதான் இருந்தது. சொந்த ஊருக்கு யார் பெயர் எழுதுவார்கள்? விலாசமும் தபால் முத்திரையும் உறையில் இருந்தன. உறை அடுப்பில் போய்விட்டது.

ஆல்பத்தைத் தேடினேன். 2 அணா நடராஜர் தலை ஒன்றின்மேல் முத்திரையின் பாதி வட்டம் விழுந்திருந்தது. 1951 என்ற வருடம் தெளிவாகத் தெரிந்தது. ஊர்ப் பெயரில் கடைசி எழுத்துகள் மட்டும், 'பட்டி' என்று ஆங்கிலத்தில். மீதி எழுத்துகள் உறையின்மேல் விழுந்திருக்கும்.

அப்பா பூதக்கண்ணாடியை வாங்கி விளக்கருகில் பிடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சரி, பத்திரமா வை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். பயணம் போவது பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவேயில்லை. அந்த நடராஜரைத் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் வேறு தலை எதையும் வைக்கவில்லை.