இல்லம் திரும்பும் நோயாளர்

நோய் தீர்வதற்கு நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்னும் நான்கும் வேண்டும் என்று திருவள்ளுவர் வகுத்துக் கூறியுள்ளார். மருத்துவமனையில் இந்நான்கும் ஒருங்கே அமைகின்றன. நோயாளி இல்லம் திரும்பியதும், பேணும் பொறுப்பு செவிலியரிடமிருந்து குடும்பத்தாரைச் சேர்கிறது. அவர்கள் அதற்கு ஆயத்தமாக இல்லையெனில், தணிந்த நோய் மீண்டும் தலைதூக்கும். சில நாள்களிலேயே அவரை மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்க நேரும்.

இராஜபாளையத்திற்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் உள்ளது. அப்பக்கத்துத் தோப்பொன்றில் கூலி வேலை செய்யும் முதியவர் ஒருவர், இதயம் வலுவிழந்து மருத்துவமனையில் சேர்ந்தார் எனக் கொள்க. இதயம் தளர்ந்தால் உடலில் நீர் தேங்கும்; கால் வீங்கும்; மூச்சுத் திணறும். நீரை வெளியேற்றும் மாத்திரைகளால் அவர் தேறி வீடு திரும்புகிறார். உடல் நலமாகிவிட்டது என்று எண்ணி மாத்திரையை நிறுத்துகிறார். கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் சேர்த்துக்கொள்கிறார். உப்பு மிகவே, நீர் மீண்டும் தேங்குகிறது. நாள் கூலியை நம்பி வாழும் அக்குடும்பத்திற்கு இரண்டாம் முறை மருத்துவமனை வாசம் பெருஞ்சுமையாகும். சில வேளைகளில் உயிருக்கே இறுதியாகவும் முடியும்.

ஆதலின், நோயாளியை அனுப்பும் ஏற்பாட்டை அவர் சேர்ந்த சில நாள்களுக்குள்ளேயே தொடங்குதல் நன்று. எந்த மாத்திரையை எவ்வேளையில் உண்பது, எவ்வுணவை விலக்குவது, மீண்டும் என்று வருவது என்பனவற்றைத் தெளிவான தமிழில் எழுதித் தருதல் வேண்டும். எழுத்தறியாதவருக்குக் காலை வேளையைக் கதிரவன் படத்தாலும், இரவு வேளையை நிலவின் படத்தாலும் குறித்துக் காட்டலாம். ஒரு வாரத்திற்குள் உடல் எடை 2 கிலோ கூடினாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும் உடனே மருத்துவரைக் காண வேண்டும் என்று எச்சரித்தலும் இன்றியமையாதது. சொன்னவற்றை வீட்டார் தம் சொற்களால் திரும்பச் சொல்லுமாறு கேட்டால், அவர்கள் விளங்கிக்கொண்டனரா என்பது புலப்படும்.

வீட்டிலேயே நோயாளரை நன்கு பேண இயலும் என்பதற்குச் சென்னையே சான்று தந்துள்ளது. 1956-ஆம் ஆண்டு அங்கே காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் ஆய்வில் காசநோயாளருள் ஒரு பிரிவினர் மருத்துவ விடுதியிலும், மற்றொரு பிரிவினர் தத்தம் எளிய வீடுகளிலும் ஓராண்டு மருந்துண்டனர். விடுதியில் இருந்தோர்க்கு ஓய்வும் நல்லுணவும் மிகுதியாகக் கிட்டின. எனினும், 1959-இல் வெளியான முடிவுகளின்படி இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றனர். வீட்டில் இருந்தோர் மருந்தை ஒழுங்காக உண்கின்றனரா என்று நிலையத்தார் இல்லந்தோறும் சென்று கண்காணித்து வந்தமை இங்குக் கருதத்தக்கது.

இந்நாளிலும் இத்தகைய தொடர்பணி நடைபெறுகிறது. 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழ்நாட்டு அரசின் திட்டத்தால், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையோர்க்கு மருந்து வீட்டிற்கே வருகிறது. நடமாட இயலாதோர்க்கு உடற்பயிற்சி மருத்துவமும் வீட்டிலேயே அளிக்கப்படுகிறது.

ஆயினும் மருந்தைத் தவறாது உண்ணச் செய்ய வேண்டியோர் வீட்டாரே. இப்பணியில் மாணவர்க்கும் பங்குண்டு. மருத்துவர் எழுதிய தாளைப் பாட்டனாருக்குப் படித்துக் காட்டுதல், மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்தல், மீண்டும் செல்ல வேண்டிய நாளை நாட்காட்டியில் குறித்தல் ஆகியவை பள்ளிச் சிறாரும் செய்யக்கூடியவையே. கற்ற எழுத்து இவ்வாறு ஓர் உயிரைக் காக்கப் பயன்படுமாயின், அதனினும் சிறந்த பயன் வேறு யாது?