வெப்பம் காக்கும் வீடுகள்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளின் அருமையைக் குளிர்நாட்டு மக்கள் நன்கு உணர்வர். வெயிலுக்கு அஞ்சி நிழலை நாடும் நமக்கு அவர்தம் நிலை வியப்பளிக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வீடுகள் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு அறைகளைச் சூடாக்கவே செலவாகின்றது. 2022ஆம் ஆண்டு உக்ரைன் போர் மூண்டு, உருசிய எரிவாயுவின் வரவு குறைந்து விலை பன்மடங்கு உயர்ந்தபோது, குளிரைத் தாங்குவதா, கட்டணத்தைத் தாங்குவதா என்று எளிய குடும்பங்கள் பல கலங்கின.

மிகுதியாக எரிப்பதுதான் இதற்குத் தீர்வா? ஓட்டைக் குடத்தில் எவ்வளவு நீர் வார்த்தாலும் நில்லாது. முதலில் ஓட்டையை அடைத்தல் வேண்டும். வீட்டின் வெப்பமும் அத்தகையதே. சுவர், கூரை, சாளரம், இடுக்குகள் ஆகியவற்றின் வழியே அது இடையறாது வெளியேறுகின்றது.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, சுவீடன் நாட்டுப் பேராசிரியர் போ ஆடம்சனும் செருமானிய இயற்பியல் அறிஞர் வொல்ஃப்காங் ஃபைஸ்டும் 1988இல் ஒரு புதிய வீட்டமைப்பைச் சிந்தித்தனர். அதன் பயனாக 1991இல் செருமனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நான்கு தொடர் வீடுகளில் மக்கள் குடியேறினர். ‘பாசிவ் ஹவுஸ்’ எனப்படும் இவ்வகை வீட்டின் நுட்பங்களை இனிக் காண்போம்.

முதலாவது, வெப்பக்காப்பு. அவ்வீடுகளின் சுவர்களுக்கு வெளியே ஒரு சாணுக்கும் மேற்பட்ட கனத்தில் காப்புப் பொருள் போர்த்தப்பட்டது. கூரையில் அதனினும் மிகுதி. இரண்டாவது, மூவடுக்குக் கண்ணாடிச் சாளரங்கள். கண்ணாடிகளின் இடைவெளியில் வெப்பத்தை எளிதில் கடத்தாத வளிமம் அடைக்கப்படுகின்றது. கண்ணாடிமேல் பூசப்பெற்ற மெல்லிய படலம் கதிரவன் ஒளியை உள்ளே விடுத்து, அறையின் வெப்பத்தை வெளியே விடாது தடுக்கின்றது. மூன்றாவது, இடுக்கற்ற கட்டுமானம்.

இடுக்கே இல்லையெனில் மூச்சுக்காற்றுக்கு வழி என்ன என்னும் ஐயம் எழலாம். வெளியேறும் வெதுவெதுப்பான காற்றும் உள்ளே வரும் குளிர்காற்றும் ஒரு கருவியினுள் மெல்லிய தகடுகளின் இருபுறமும் கலவாமல் செல்கின்றன. பழைய காற்றின் வெப்பத்தில் முக்கால் பங்கிற்கும் மேல் புதிய காற்றுக்கு மாறிவிடுகின்றது. காற்று புதியது, வெப்பமோ பழையது!

இவ்வகை வீட்டை ஓராண்டு முழுவதும் சூடாக்க, சதுர மீட்டருக்கு 15 யூனிட்டுக்கு மேல் வேண்டியதில்லை என்பது வரையறை. பழைய வீடுகள் பலவற்றுக்கு 150 யூனிட்டுக்கு மேலும் தேவைப்படுகின்றது.

எஞ்சிய சிறு தேவையையும் இன்று வெப்பப் பம்பு சிக்கனமாக நிறைவேற்றுகின்றது. நாம் அறிந்த குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதுபோல், இஃது வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தைத் திரட்டி வீட்டினுள் சேர்க்கின்றது. ஒரு யூனிட் மின்சாரம் செலவிட்டால், பொதுவாக மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும்.

இவற்றுக்குத் தொடக்கச் செலவு மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. பழைய வீடுகளைத் திருத்துவது புதிதாகக் கட்டுவதினும் கடினம். வாடகைக்குக் குடியிருப்போர் சுவரையும் சாளரத்தையும் தாமே மாற்றவும் இயலாது. ஆகவே, அரசின் உதவியும் வீட்டு உரிமையாளரின் ஒத்துழைப்பும் இன்றியமையாதவை. குளிரால் மிகுதியும் துன்புறும் ஏழையர்க்கும் முதியோர்க்கும் எட்டும்போதே இந்நுட்பங்கள் முழுப்பயன் நல்கும். ஆற்றலைப் பெருக்கும் வழிகளை ஆராயும் நாம், உள்ளதை வீணாக்காமல் காப்பதும் ஓர் அறிவியலே என்பதை மனங்கொள்வோமாக.